ரிமோட் கார் பந்தயம்: காருக்குள் ஒளிந்திருக்கும் கை

ரிமோட் கார் பந்தயத்தில் ஓட்டுநர் காருக்குள் இல்லை, மேடையில் நிற்கிறார். அசல் காரின் 10-இல் ஒரு பங்கே உள்ள அந்த வண்டியின் பின்சக்கரம் வழுக்குவதை அவர் உடம்பால் உணர முடியாது. கண்ணால் பார்த்து, கையால் திருப்ப வேண்டும். போட்டியே அதுதான்.

இங்கேதான் ஜைரோ நுழைகிறது. கார் சுழலத் தொடங்கியதும், ஓட்டுநர் கவனிக்கும் முன்பே இச்சிறு கருவி முன்சக்கரங்களை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். வழுக்கியபடியே ஓட்டும் டிரிஃப்ட் போட்டிகளில் இது சகஜம். வேகப் பந்தயங்களில் பொதுவாகத் தடை.

தடை போடுவது சுலபம், பிடிப்பதுதான் பெரும்பாடு. தனிப் பெட்டியாக இருந்தால் ஒயரே காட்டிக் கொடுத்துவிடும். இப்போதோ, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவருக்குள்ளேயே அடங்கி வருகிறது. மின்சாரத்தைப் போட்டு, காரைக் கையில் தூக்கிச் சட்டென்று பக்கவாட்டில் திருப்பினால் குட்டு வெளிப்படும். ரிமோட்டைத் தொடாமலே சக்கரம் அசையும். ஆனால், சோதனைக்கு முன்பே ரிமோட்டிலிருந்து அதை அணைத்துவிட்டால்?

இதில் அதிகம் அடிபடுபவர் நேர்மையாக வென்றவரே. வளைவில் கார் நூல் பிடித்தாற்போல் போனால், “உள்ளே ஏதோ இருக்கிறது” என்று முணுமுணுக்கிறார்கள்.

மோட்டார் விஷயத்தில் ஒரு வழி கிடைத்தது. ‘ஸ்டாக்’ பிரிவில், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாருக்குக் கூடுதல் உந்துதல் தரவில்லை என்பதற்கு அடையாளமாக அதன் விளக்கு மின்னிக்கொண்டிருக்க வேண்டும். நடுவர் அதைப் பார்த்தாலே போதும். ஜைரோவுக்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட அப்படியோர் அடையாளம் இல்லாததால், பந்தயம் முடிந்த கையோடு காரையும் ரிமோட்டையும் சேர்த்தே வாங்கிச் சோதிப்பதுதான் ஓரளவு பலன் தரும்.