ஸ்பானியப் பேச்சு வழக்கில் பணம் குறித்த சொற்களும் தொடர்களும்: கற்போர் நோக்கில் சில குறிப்புகள்

இலக்கண நூல்வழி ஸ்பானியம் பயின்றவர் அம்மொழி பேசுவோரிடையே தடுமாறும் இடங்களுள் பணம் பற்றிய பேச்சும் ஒன்று. பாடநூல்கள் பணத்திற்குத் தரும் சொல் 'தினேரோ'. 'தெனாரியுஸ்' என்னும் உரோம நாணயப் பெயரிலிருந்து பிறந்த இச்சொல் ஸ்பானியம் வழங்கும் எல்லா நாடுகளிலும் விளங்கும். எனினும் நெருங்கியோர் உரையாடலில் அதனிடத்தை வேறு சொற்கள் பற்றிக்கொள்கின்றன. அச்சொற்களை அகராதிப் பொருளோடு மட்டும் கற்பது போதாது. அவை வழங்கும் நாட்டையும் அவற்றின் பின்னுள்ள நாணய வரலாற்றையும் சேர்த்துக் கற்றல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஸ்பெயினில் பணத்தைக் குறிக்கும் பேச்சுச் சொல் 'பாஸ்தா'. பிசைந்த மாவு என்பது அதன் நேர்ப்பொருள்களுள் ஒன்று. அர்ஜென்டினாவில் அதே சொல் உணவை மட்டுமே நினைவூட்டும். அங்குப் பணம் 'பிளாட்டா', அதாவது வெள்ளி. இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசியில் 1545ஆம் ஆண்டு வெள்ளி கண்டறியப்பட்டபின் தென்னமெரிக்கப் பொருளியலில் அவ்வுலோகம் பெற்ற இடத்தை நோக்க, இப்பெயர் வியப்பளிப்பதன்று. மெக்சிகோவில் பணம் 'லானா', அதாவது கம்பளி. அர்ஜென்டினப் பேச்சில் ஒரு பெசோவை 'மாங்கோ' என்பதுமுண்டு. கனியைக் குறிக்கும் 'மாங்கோ' திராவிட மொழியிலிருந்து போர்த்துகீசியம் வழியாக ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்ற சொல். ஆனால் பணத்தைக் குறிக்கும் 'மாங்கோ'வை அதனோடு இணைக்க ஒலியொற்றுமை மட்டும் சான்றாகாது. தமிழ் ஆய்வாளர் இங்குச் சற்றே எச்சரிக்கையுடன் இருத்தல் நலம்.

வரலாற்று நோக்கில் மிகுந்த பயன் தருவது 'தூரோ' என்னும் சொல். 'கடினமானது' என்பது இதன் பொருள். எட்டு ரியால் மதிப்புடைய வெள்ளி நாணயம் 'பெசோ தூரோ' எனப்பட்டது. 1868இல் பெசெத்தா நாட்டின் நாணயமாக அறிவிக்கப்பட்டபின் ஐந்து பெசெத்தாவிற்கு அப்பெயர் நிலைத்தது. 2002இல் யூரோ கைக்கு வந்தது, பெசெத்தா மறைந்தது. ஆயினும் கையில் பணமில்லாதவர் இன்றும் 'ஒரு தூரோவும் இல்லை' என்றே கூறுகிறார். 'நான்கு பெசெத்தாவிற்குத் தூரோவை யாரும் தருவதில்லை' என்னும் பழமொழியும் வழக்கிலுள்ளது. மிகுதியான ஆதாயம் காட்டி அழைப்பவரை நம்பாதே என்பது அதன் குறிப்பு. ஒரு தூரோ ஐந்து பெசெத்தா என்பதை அறியாத மாணவருக்கு இப்பழமொழி வெறும் சொற்குவியலே. 'பாவோ' (வான்கோழி) என்பது முன்பு ஐந்து பெசெத்தாவைக் குறித்தது. இன்று ஒரு யூரோவைக் குறிக்கிறது. ஒரு யூரோ 166.386 பெசெத்தாவிற்கு நிகரென வரையறுக்கப்பட்டதால், சொல் மாறாமலே அதன் மதிப்பு முப்பது மடங்கிற்கும் மேல் உயர்ந்துவிட்டது! 'பிளாங்கா இல்லாமல் இருத்தல்' என்னும் தொடரோ இடைக்காலக் காஸ்தீயாவின் சிறுநாணயம் ஒன்றைச் சுமந்து நிற்கிறது. 1957இல் பதின்ம நாணயமுறை வந்தபின்னும் 'காலணாவிற்குப் பெறாது' என்று கூறும் நமக்கு இந்நிலை புதிதன்று.

நாணயப் பெயர் இடம்பெறாத தொடர்களும் உள. மிகு விலையுடைய பொருள் 'முகத்தின் ஒரு கண்' விலை பெறும். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட 'யானை விலை குதிரை விலை' எனல் பொருந்தும். வரம்பின்றிச் செலவிடுவோர் 'வீட்டைச் சன்னல் வழியே எறிகின்றனர்'. 1763இல் மூன்றாம் கார்லோஸ் காலத்தில் தொடங்கிய அரசுப் பரிசுச்சீட்டில் வென்றோர் பழைய தட்டுமுட்டுப் பொருள்களை வெளியே வீசியதால் இத்தொடர் பிறந்தது என்பர். கற்பிக்க ஏற்ற கதைதான். மெய்ப்பிக்கப்பட்ட சொற்பிறப்பாக வகுப்பில் கூறுதல் தகாது.

இச்சொற்களை 'பணம்' என்னும் ஒற்றைத் தலைப்பின்கீழ் ஒருபொருட் பன்மொழிப் பட்டியலாகத் தரும் பயிற்சி ஏடுகள் மாணவரைத் திசைதிருப்புகின்றன. மத்ரித் நண்பரிடம் இயல்பாக ஒலிக்கும் 'பாஸ்தா' வங்கிக்கு எழுதும் மடலில் பிழையாகும். அங்கு 'தினேரோ'வே உரியது.