இழைப்பு இயந்திரத்திற்கு ஏன் தனி மின்சுற்று?

மலாயாவில் வணிக நோக்கில் அமைந்த முதல் இரப்பர்த் தோட்டம், 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் என்பவரால் தொடங்கப்பட்டது. அதன்பின் இம்மாநிலமெங்கும் எழுந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் பால்மரம் சீவினர். ஒரு பால்மரம் ஏறத்தாழ இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தரும், பிறகு வெட்டப்படும். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகாகவே போயிற்று. புகைக்கூடத்திலும் செங்கல் சூளையிலும் எரிந்தது. போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி நன்கு உலர்த்தினால் அதே மரம் தளவாடங்களுக்கு ஏற்றதாகும் என்பது ஆய்வுகளால் தெளிவான பிறகே, அதற்கு மதிப்பு வந்தது. ஜாசினைக் கடந்து ஜொகூர் எல்லையைத் தாண்டினால் மூவார். நாடறிந்த தளவாடப் பட்டணம்.

சீவிய கைகளின் பேரப்பிள்ளைகள் சிலர் இன்று அதே மரத்தை இழைத்து மேசையும் நாற்காலியும் சாமி மேடையும் செய்கின்றனர். தொழிற்சாலை கழித்துவிட்ட பழைய இழைப்பு இயந்திரமோ வட்ட ரம்பமோ மலிவாகக் கிடைத்தால் வாங்கி, வீட்டின் பின்புறக் கொட்டகையில் இறக்கிவிடுகின்றனர். அடுத்த வேலை என்ன? சமையலறையிலிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர். "மிஷின் ஓடுகிறதே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அது தொடங்கும் நொடியிலும், போன மின்சாரம் திரும்பும் நொடியிலும், உள்ளே ஒரு கம்பி இரும்பு உடலைத் தொட்டுவிடும் நொடியிலும்தான் ஆபத்து இருக்கிறது. தனி மின்சுற்று என்பது இந்த மூன்று நொடிகளுக்கான ஏற்பாடு.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு குதிரைத்திறன் 746 வாட். மூன்று குதிரைத்திறன் கொண்ட ஒருமுனை மோட்டார் ஏறத்தாழ 2,240 வாட் திறனை வெளியே தருகிறது. ஆனால், மோட்டாருக்குள் இழப்பு உண்டு. அதையும் மின்திறன் காரணியையும் சேர்த்துக் கணக்கிட்டால், 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் சுமார் 14 ஆம்பியர். நம் வீட்டு மூன்றுகால் பிளக்கின் வரம்போ 13 ஆம்பியர். "அப்படியானால் ஃபியூஸ் போய்விடுமே!" எனலாம். போகாது, அதுதான் சிக்கல். 13 ஆம்பியர் ஃபியூஸ் 14 ஆம்பியரை மணிக்கணக்கில் தாங்கிக்கொள்ளும். மாறாக, பிளக்கின் கால்கள் சூடேறும், பிளாஸ்டிக் பழுப்பாகும், ஒருநாள் கருகிய வாடை வரும். மரத்தூள் படிந்த கொட்டகையில் அந்த வாடை வரும்வரை காத்திருப்பது நல்லதன்று.

இது ஓடும்போதுள்ள கணக்கு. நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும்போது மோட்டார் இதைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆறு மடங்கு என்று கொண்டால் 84 ஆம்பியர். மின்சாரப் பெட்டியிலிருந்து கொட்டகை 30 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு 18 மில்லிவோல்ட் குறையும். அப்படியானால் தொடங்கும் நொடியில் ஏறத்தாழ 45 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி என்றால் இழப்பு 28 வோல்ட் அளவில் நிற்கும். மோட்டாரின் சுழற்று விசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் குறைவதால், முதல் கம்பியில் மோட்டாருக்குக் கிடைப்பது முழு விசையில் மூன்றில் இரண்டு பங்கைவிடச் சற்றுக் குறைவு. மோட்டார் உறுமிக்கொண்டு எழ மறுக்கும். எழாத நேரமெல்லாம் அந்த 84 ஆம்பியர் அளவு ஓடிக்கொண்டே இருக்கும். "மோட்டார் கெட்டுவிட்டது" என்று சொல்லிச் சுருள் கட்டக் கொடுப்பவர்களுள் சிலருக்குக் கெட்டது மோட்டாரே அன்று, கம்பியின் தடிமன்.

ஆகவே மின்சாரப் பெட்டியிலிருந்து வேறு எந்த விளக்கும் பிளக்கும் சேராத ஒரு கம்பி, அதற்கென ஒரு எம்.சி.பி. சுவிட்ச், இயந்திரத்தின் அருகே கைக்கெட்டும் இடத்தில் ஒரு துண்டிப்பான். எம்.சி.பி.யிலும் வகை உண்டு. 'பி' வகை தன் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கில் உடனே விழும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கில். நம் மோட்டாருக்கு 20 ஆம்பியர் 'பி' வகை போட்டால், சில நாள் காலையில் தொடங்கும்போதே விழும். 'சி' வகை அந்த எழுச்சியைப் பொறுத்துக்கொள்ளும். அடிக்கடி விழுகிறதே என்று எரிச்சலுற்று 32 ஆம்பியர் போட்டுவிடுவதுதான் செய்யக்கூடாத வேலை. எம்.சி.பி. காப்பது கம்பியை. மோட்டாரைக் காப்பதற்கு ஸ்டார்ட்டர் பெட்டியில் தனியே அதிகச்சுமை ரிலே இருக்க வேண்டும்.

அந்த ஸ்டார்ட்டரின் இன்னொரு பயனைப் பலர் அறிவதில்லை. மழைக்காலத்தில் மின்சாரம் போகிறது. இழைப்பவர் சாதாரண சுவிட்சை அணைக்க மறந்து, கத்தியில் சிக்கிய சீவலை எடுக்கக் கைவிடுகிறார். மின்சாரம் திரும்புகிறது. பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த காந்த ஸ்டார்ட்டர் இருந்தால், மின்சாரம் போனதுமே உள்ளிருக்கும் காந்தச் சுருள் தொடர்பை விட்டுவிடும். மீண்டும் பச்சையை அழுத்தினால் அன்றி இயந்திரம் சுழலாது. விரலின் விலையோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமில்லை.

மூன்றாவது, கம்பி உடலைத் தொடும் நொடி. நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளின் எர்த் கம்பி, வீட்டருகே மண்ணில் அடித்த ஒரு தண்டில் முடிகிறது. அத்தண்டின் தடை 10 ஓம் என்போம். மின்மாற்றியின் பக்கம் இன்னும் ஒரு ஓம். உயிர்க் கம்பி இயந்திரத்தின் உடலைத் தொட்டால் மண்வழியே ஓடுவது 230ஐ 11ஆல் வகுத்தால் கிடைக்கும் 21 ஆம்பியர்தான். 20 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அன்று, விழாமல் நிற்கும். அதுவரை அந்த இரும்பு உடல் 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும்; கையை வைப்பவருக்காகக் காத்திருக்கும். வறண்ட செம்மண்ணில் தண்டின் தடை இன்னும் கூடும். இந்த இடைவெளியை அடைப்பது, வயர்மேன்கள் ஆர்.சி.சி.பி. என்று சொல்லும் மின்கசிவுத் துண்டிப்பான். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லை என்றதும் அது துண்டிக்கும். கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30 மில்லி ஆம்பியர்க் காப்பு வேண்டும் என்கின்றன 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள். எந்நேரமும் கை படும் இழைப்பு இயந்திரத்திற்கும் அதையே வைப்பது நல்லது என்பது என் கருத்து. அதன்மேல் 'டி' என்ற பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். இரப்பர்ச் செருப்பு போட்டிருக்கிறேன் என்பது காப்பன்று.

தொழிற்சாலையிலிருந்து வரும் இயந்திரங்கள் பெரும்பாலும் 400 வோல்ட் மும்முனை மோட்டார் கொண்டவை. ஒருமுனை மின்சாரம் உள்ள வீட்டில் அவற்றுக்கு மூன்று வழிகள். மோட்டாரை மாற்றலாம். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 230/400 என்று இருந்தால், உள் இணைப்பை முக்கோண வடிவில் மாற்றி, ஒருமுனையை மும்முனையாக்கும் இன்வெர்ட்டர் வைக்கலாம். மூன்று குதிரைத்திறன் வரை இது எளிது. இன்வெர்ட்டர் மெல்லத் தொடங்கி வைப்பதால் மேலே கண்ட எழுச்சியும் அடங்கும். தகட்டில் 400/690 என்று இருந்தால் இந்த வழி அடைபடும். அப்போது தெனாகா நேஷனலிடம் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதே மிஞ்சும். தகட்டைப் படிக்காமல் இயந்திரத்தை வாங்கக்கூடாது.

இவற்றையெல்லாம் நாமே செய்துகொள்ளலாமா? சட்டப்படி கூடாது. எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவிடம் பதிவுபெற்ற வயர்மேன்தான் செய்ய வேண்டும். மும்முனைக்குத் தகுதிச் சான்றிதழ் வேறு. வேலை முடிந்ததும் மேற்பார்வை, நிறைவுச் சான்றான பாரம் 'ஜி'யும் சோதனைச் சான்றான பாரம் 'எச்'சும் கையெழுத்தாக வேண்டும். கம்பிக் காப்புத்தடை, எர்த் தண்டின் தடை, துண்டிப்பான் விழும் நேரம் ஆகியவை அளக்கப்பட்டனவா என்று கேட்டு வாங்குங்கள். வீடு தோட்ட நிர்வாகத்திற்குச் சொந்தமானால் முதலில் அவர்களின் அனுமதி வேண்டும்.

மும்முனை இணைப்புக் கொடுத்த அன்று இன்னுமொரு சோதனை பாக்கியிருக்கும். மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுழலும். வட்ட ரம்பம் எதிர்த்திசையில் சுழன்றால் தகட்டைப் பிடித்திருக்கும் மரையே கழன்றுவிடக்கூடும். ஆதலால் வார்ப்பட்டையைக் கழற்றிவிட்டு, பச்சைப் பொத்தானை ஒரு கணம் அழுத்தி விட்டு, கப்பி எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்த பிறகே வார்ப்பட்டையை மாட்ட வேண்டும். தவறான பக்கம் சுழன்றால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு ஏதேனும் இரண்டு முனைக் கம்பிகளை வயர்மேன் மாற்றிப் பூட்டுவார். ஐந்து நிமிட வேலை.