மீண்டும் வரிசைக்கு வருபவர் சோம்பேறியா?

பிரித்தானியாவில் தொழில் இல்லாதோருக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறதாம் என்று நம்மவர் வியந்து பேசுவதுண்டு. இலங்கையில் அத்தகைய கொடுப்பனவு இல்லாததால் அவ்வியப்பு இயல்பானதே. ஆனால் அந்தப் பணத்தோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டம் அங்கு இதற்கு அடித்தளமிட்டது. தொழிலாளி, முதலாளி, அரசாங்கம் ஆகிய முத்தரப்பும் செலுத்திய பணத்திலிருந்தே அன்று உதவி வழங்கப்பட்டது. 1996 இல் இது 'தொழில் தேடுவோர் கொடுப்பனவு' என மாறியது. வேலை தேடுகிறேன் என்பதை நிரூபித்தாலன்றிப் பணம் இல்லை.

தாய்மாரையும் இந்நிபந்தனை தொட்டது. தனித்து நின்று பிள்ளை வளர்க்கும் தாய், கடைசிப் பிள்ளைக்கு 16 வயதாகும் வரை தொழில் தேட வேண்டியிருக்கவில்லை. 2008 முதல் அவ்வயது படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2012 இல் 5 ஆனது.

2011 இல் 'கட்டாய வேலைச் செயற்பாடு' என்றொரு திட்டம் வந்தது. வாரத்துக்கு 30 மணித்தியாலம் வரை, நான்கு வாரங்கள், சம்பளமின்றி உழைக்க வேண்டும். 2012 இன் விதிகளின்படி, மறுத்தால் முதல் தடவை 13 வாரங்களுக்குக் கொடுப்பனவு நிறுத்தப்படும்; மூன்றாவது தடவையெனில் மூன்று வருடங்களுக்கு! இக்கடுமை 2019 இல்தான் ஆறு மாத உச்ச எல்லைக்குக் குறைக்கப்பட்டது.

இரண்டு வருடத் திட்டத்தை முடித்தும் நிரந்தரத் தொழில் கிடைக்காமல் திரும்பியோருக்கு 2014 இல் இன்னொரு திட்டம் காத்திருந்தது. அதில் சிலர் தினமும் அலுவலகம் சென்று கையொப்பமிட வேண்டும். வேறு சிலர் ஆறு மாதம் வரை சம்பளமில்லாச் சமூக வேலை செய்ய வேண்டும்.

இதனால் பயன் விளைந்ததா? அரசாங்கத் திணைக்களமே 2012 இல் வெளியிட்ட ஆய்வு, கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டோர் தொழில் பெறும் வாய்ப்பு அதனால் கூடவில்லை என்றது. கொடுப்பனவை விட்டு விலகியோரின் தொகை சற்றுக் கூடியதும் சொற்ப காலத்துக்கே. 2015 இல் இவ்விரு சம்பளமில்லா வேலைத் திட்டங்களையும் நீடிப்பதில்லை என அரசு அறிவித்தது.

கெய்ட் ரைலி என்ற பட்டதாரி யுவதி, அருங்காட்சியகமொன்றில் விரும்பிச் செய்த தொண்டை விட்டு, கடையொன்றில் சம்பளமின்றி வேலை செய்ய அனுப்பப்பட்டார். அது கட்டாயம் என அவருக்குச் சொல்லப்பட்டது. உண்மையில் அது கட்டாயமன்று. அவர் தொடுத்த வழக்கில், திட்டத்தின் விதிகள் சட்டப்படி செல்லாதவை என 2013 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அதை அடிமை உழைப்பு என்று நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சகோதரிகளே! நம் உறவினர் பலர் இன்று அந்நாட்டில் வாழ்கின்றனர். தொழில் தேடும் விடயத்தில் ஓர் அதிகாரி எதையேனும் செய்யச் சொன்னால், "இது கட்டாயமா?" என்று எழுத்தில் கேட்டுப் பெறும்படி அவர்களிடம் கூறுங்கள். கொடுப்பனவு வெட்டப்பட்டால், ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கோரலாம்; அதன்பின் மேன்முறையீடும் செய்யலாம்.

ஒருவர் மீண்டும் அந்த வரிசைக்கு வருவதற்குச் சோம்பல்தான் காரணம் என முடிவு கட்டிவிட வேண்டாம். கிடைத்த வேலை மூன்று மாதத்தில் முடிந்திருக்கலாம். உழைக்கச் சொல்வதில் தவறில்லை. ஆனால் உழைப்பவர் கையில் கூலியும், நாளைக்கும் வேலை உண்டு என்ற நம்பிக்கையும் இருந்தால்தான் அவர் திரும்பி வரமாட்டார்.