பெயரை வாங்குவதா, அடுப்பை வாங்குவதா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சற்று வசதி படைத்த குடும்பஸ்தர் ஒருவர் தமது சமையலறையைப் புதுப்பிக்க எண்ணுவாராயின், அவருக்கு முதலில் உண்டாகும் சங்கடம் அடுப்பைப் பற்றியதாகும். சாதாரண காஸ் அடுப்பு 1,000 டாலருக்குள் கிடைக்கும். ஹோட்டல் அடுப்பின் தோற்றமும், கனத்த எஃகுத் தகடும், பெருந்தழலும் உடைய 'ரேஞ்ச்' என்னும் உயர்ந்த ரகமோ, 36 அங்குல அகலத்தில் பெரும்பாலும் 10,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ விலை போகிறது. வைக்கிங்கா, வுல்பா, தெர்மடாரா, ப்ளூஸ்டாரா என்று கணவனும் மனைவியும் மாதக்கணக்கில் விவாதிக்கின்றனர். கடைக்காரரோ ஒவ்வொரு மார்க்கின் பூர்வ சரித்திரத்தையும் பக்தி சிரத்தையுடன் எடுத்துரைக்கிறார்.

அடுப்பைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் புருவத்தை நெரிக்கக் கூடும். ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைப் பெயருக்காகப் பெற்றுக்கொள்ளும் வியாபாரம் எத்தகையது என்பது பொது விஷயமே. அப்பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கேளாமல் பணத்தை எண்ணிக் கொடுக்கும் வழக்கம் அடுப்போடு நிற்பதாகவும் நமக்குத் தோன்றவில்லை.

வைக்கிங்கின் கதையையே எடுத்துக் கொள்வோம். மிஸிஸிபி ராஜ்யத்தில், பருத்தி விளையும் டெல்டா பிரதேசத்தில் கிரீன்வுட் என்றொரு சிற்றூர் உண்டு. (1966-ல் ஸ்டோக்லி கார்மைக்கேல் 'கறுப்பர் அதிகாரம்' என்னும் கோஷத்தை முழக்கியது இவ்வூரில்தான்.) அங்கே வீடு கட்டும் தொழிலில் இருந்த பிரெட் கார்ல் என்பவர் தமது இல்லத்துக்கு ஓர் உறுதியான அடுப்பைத் தேடினார். ஹோட்டல் அடுப்பு வீட்டுக்கு ஆகாது. அதன் பக்கங்கள் சுடும், மரச் சுவருக்கு அருகில் வைத்தால் நெருப்புப் பிடிக்கும் அபாயம் உண்டு. ஆகவே, ஹோட்டல் அடுப்பின் வலிமையை வீட்டுக்கு ஏற்ற பாதுகாப்போடு சேர்த்துத் தாமே ஒன்றை வகுத்தார். 1987-ல் முதல் அடுப்புகள் விற்பனைக்கு வந்தன. பின்னர் கிரீன்வுட்டிலேயே தொழிற்சாலை எழுந்தது; பருத்தியை நம்பி வாடிய ஊருக்குப் புதிய பிழைப்பு வந்தது. இன்று பணக்காரர் வீடுகளில் காணப்படும் இந்த வகை அடுப்புக்கு வழி காட்டியவர் அவர் என்று சொன்னால் மிகையாகாது.

2012-ம் வருஷம் டிஸம்பர் இறுதியில் அக்கம்பெனியை, ஹோட்டல் சமையல் யந்திரங்கள் செய்யும் மிடில்பி கார்ப்பரேஷன் 36 கோடி டாலருக்குச் சற்று மேல் கொடுத்து வாங்கியது. அடுத்த சில வாரங்களில் கார்ல் விலகினார். கிரீன்வுட்டில் தொழிலாளர் பலர் வேலை இழந்தனர். அடுப்பின் முகப்பில் பொறித்த பெயர் மட்டும் மாறவில்லை.

மற்ற மார்க்குகளின் வரலாறும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி குஸ்டாவ் டாலேன் 1912-ல் ஒரு வெடி விபத்தில் கண் பார்வையை இழந்தார். அதே வருஷம் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அடுப்போடு மனைவி படும் பாட்டை உணர்ந்து, 1922-ல் வார்ப்பிரும்பில் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் ஆகா அடுப்பை அவர் அமைத்தார் என்பர். இங்கிலாந்தின் கிராமத்து மாளிகைகளில் அது குலதெய்வம் போலக் குடியேறிற்று. பாரிஸில் 1908-ல் தோன்றிய லா கார்னூ பின்னாளில் இந்த ஆகா கூட்டத்தில் சேர்ந்தது. 2015-ல் ஆகா கூட்டம் முழுவதையும் அதே மிடில்பி வாங்கிவிட்டது! அமெரிக்க உறுதி, ஆங்கிலப் பழமை, பிரெஞ்சு நாகரிகம் என மூன்று மதங்களைப் போலக் கடைக்காரர் பிரித்துக் காட்டிய மூன்று மார்க்குகளும் ஒரே கைக்குப் போய்ச் சேர்ந்தன. தெர்மடார் 1998-ல் பாஷ், ஸீமன்ஸ் என்னும் இரு ஜெர்மன் கம்பெனிகளின் கூட்டு ஸ்தாபனத்துக்குச் சென்றது. 2015-ல் ஸீமன்ஸ் விலகவே, அது பாஷ் வசமாயிற்று. வுல்பின் விஷயம் இன்னும் வேடிக்கையானது. அதன் வீட்டு அடுப்புத் தொழிலை 2000-ல் ஸப்-ஜீரோ என்னும் குளிர்ப்பெட்டிக் கம்பெனி வாங்கியது. ஹோட்டல் அடுப்புகளோ வேறு முதலாளியிடமே இருந்துவிட்டன. பெயர் பெற்ற சமையற்காரர் உபயோகிக்கும் அதே வுல்பைத்தான் நாமும் வாங்குகிறோம் என்று எண்ணுகிறவர் இதை அறிவது நலம்.

பெயரை நம்பியதால் விளையும் தீங்கு வெறும் பண நஷ்டமன்று. வைக்கிங் காஸ் ரேஞ்ச்களில் சில தாமாகவே பற்றிக்கொள்வதாகவும், அணைத்தாலும் அணையாதிருப்பதாகவும் வாங்கியோரிடமிருந்து புகார்கள் வந்தன. நள்ளிரவில் குழந்தைகள் உறங்கும் வீட்டில் அடுப்பு தானே எரிந்தால் என்னவாகும் என்று நாம் விவரிக்க வேண்டியதில்லை. இத்தகைய குறையை அறிந்த உற்பத்தியாளர் உடனே சர்க்காரின் நுகர்பொருள் பாதுகாப்புக் கமிஷனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். 2015-ல் அந்த அடுப்புகள் திரும்ப அழைக்கப்பட்டன. உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்ற குற்றச்சாட்டின் பேரில் 46½ லக்ஷம் டாலர் அபராதம் செலுத்தக் கம்பெனி 2017-ல் சம்மதித்தது. கமிஷனின் அறிவிப்புகள் எவரும் செலவின்றிப் படிக்கக் கூடியவை. வாங்கப் போகும் மாதிரியின் இலக்கத்தை அவற்றில் தேடிப் பார்க்க அரைமணி நேரம் பிடிக்காது.

இனி, அடுப்புகளுக்குள் உண்மையான வித்தியாசமே இல்லையோவெனில், உண்டு. ப்ளூஸ்டாரின் மிகப் பெரிய பர்னர் மணிக்கு 25,000 பி.டி.யு. வெப்பம் தருவது, வுல்பினது 20,000. ப்ளூஸ்டாரில் பர்னர் திறந்தது. தழல் நடுவில் குவிந்து மேலெழும்; பொங்கி வழிந்தது கீழேயுள்ள தட்டில் விழும். மூடிய பர்னரில் தழல் விளிம்பை நோக்கிப் பரவும். வழிந்தது மேல்தகட்டிலேயே நிற்பதால் துடைப்பது எளிது. சீன வாணலியில் வதக்குபவருக்கு முன்னது உகந்தது. அந்நாட்டில் குடியேறிய நம்மவர் தோசைக்கல்லின் ஓரம் வரை சூடு பரவ வேண்டுமானால் பின்னதையே நாடுவர். தெர்மடாரின் நக்ஷத்திர வடிவப் பர்னரும் இப்படிப் பரப்புவதற்கென்றே அமைந்தது. பெருந்தழலைப் பற்றிப் பெருமை பேசுவோர் சிறுதழலைக் கேட்க மறந்துவிடுகின்றனர். பாயசம் அடிப்பிடிக்காமல் காய வேண்டுமே! தெர்மடார் பர்னர்களில் சில, தாமே அணைந்து அணைந்து எரிந்து சூட்டைத் தணிக்கின்றன. இதைக் கடையிலேயே எரியவிட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

பெருந்தழலுக்குப் பெரும் புகைக்கூண்டு வேண்டும். 100 பி.டி.யு.வுக்கு நிமிஷத்துக்கு ஒரு கன அடிக் காற்றை வெளியேற்ற வேண்டுமென்பது தொழிலாளர் கணக்கு. நிமிஷத்துக்கு 400 கன அடிக்கு மேல் வெளியேற்றும் கூண்டுக்கு, ஈடாக வெளிக்காற்றை உள்ளே கொணரும் ஏற்பாடும் வேண்டுமென்று அந்நாட்டுக் கட்டட விதிகள் பல இடங்களில் வற்புறுத்துகின்றன. அடுப்பின் விலையை மட்டும் எண்ணிப் பார்த்தவர், கூண்டு, குழாய், சுவர் வேலை ஆகியவற்றின் ரசீதுகள் வரும்போது திகைப்பது இதனாலேயே.

அடுப்பு கெட்டால் வந்து பார்ப்பவர் யார் என்பது எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி என்று நாம் கருதுகிறோம். உள்ளூரில் அந்த மார்க்கைப் பழுது பார்க்கும் கைத்தொழிலாளி ஒருவருக்கு முன்கூட்டியே டெலிபோன் செய்து, எந்த அடுப்புக்காகத் தாம் அடிக்கடி அழைக்கப்படுகிறார் என்று விசாரிப்பது, பத்துக் கடைக்காரரின் பிரசங்கத்தைக் கேட்பதிலும் மேலானது. விளம்பரம் பெறாமல், பொருள்களைத் தானே விலை கொடுத்து வாங்கிச் சோதிக்கும் முன்னாளில் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் எனப்பட்ட சங்கத்தின் பத்திரிகையும் உண்டு. அச்சங்கம் பிறந்தது 1936-ல். அதற்கு முந்தைய வருஷம் வேறொரு பரிசோதனை ஸ்தாபனத்தில் வேலை நிறுத்தம் செய்த சிப்பந்திகளே அதைத் தோற்றுவித்தனர் என்பதை நமது தொழிற்சங்க நண்பர்கள் குறித்துக்கொள்வார்களாக.

காஸ் அடுப்பின் வெப்பத்தில் பாதிக்கும் குறைவே பாத்திரத்தில் சேர்கிறது. மிகுதி சமையலறையைச் சுட வைக்கிறது. நைட்ரஜன் டை ஆக்ஸைடு என்னும் நச்சுக் காற்றும் உண்டாகிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி நகரம் 2019-ல் புதுக் கட்டடங்களுக்குக் காஸ் இணைப்பைத் தடுத்தது. 2023-ல் நீதிமன்றம் அத்தடையைத் தள்ளிற்று. இவ்விவாதம் இன்னும் ஓயவில்லை. மேற்கூறிய கம்பெனிகள் பலவும் இண்டக்ஷன் அடுப்பும் விற்கத் தொடங்கிவிட்டன. எனவே காஸ் ரேஞ்ச் வாங்குபவரும், சுவரைத் திறந்து வேலை நடக்கும்போதே 240 வோல்ட் மின்கம்பி ஒன்றையும் அடுப்படிக்கு இழுத்து வைத்தால், பிற்காலத்தில் சுவரை மறுபடியும் இடிக்க நேராது.