பகுதித் தொகையிடல் – பயம் வேண்டாம்!



கணக்குப் பாடம்னாலே சிலருக்குக் காய்ச்சல் வரும். அதிலும் தொகை நுண்கணிதம் என்றால் கேட்கவே வேண்டாம். எனக்கும் அப்படித்தான். அந்தப் பாடத்தையே சாய்ஸில் விட்டுடலாம்னு நினைச்சேன். ஒரு வகுப்புத் தேர்வுதான் என்னை மாற்றியது.

கேள்வி இதுதான்: எக்ஸ் காஸ் எக்ஸ்-ஐத் தொகையிடுக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எக்ஸ்-ஐத் தனியாகத் தொகையிட்டேன். எக்ஸ் வர்க்கம் பை 2 வந்துச்சு. காஸ் எக்ஸ்-ஐத் தனியாகத் தொகையிட்டேன். சைன் எக்ஸ் வந்துச்சு. ரெண்டையும் பெருக்கி எழுதிட்டேன். 5 மார்க்கும் போச்சு!

கணக்கு சார் திட்டவில்லை. "உன் விடையை வகையிட்டுப் பாருப்பா. கேள்வி திரும்பி வருதா?" என்றார். வரவே இல்லை!

ஏன் வரவில்லை? இரண்டு சார்புகளின் பெருக்கலை வகையிடும்போது இரண்டு உறுப்புகள் வரும். முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதை வகையிடணும், இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதை வகையிடணும், பிறகு கூட்டணும். இதுதான் பெருக்கல் விதி. தொகையிடல் என்பது வகையிடலுக்குத் தலைகீழ். எனவே இந்த விதியையும் தலைகீழாகத்தான் நடத்த வேண்டும்.

நம்ம திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது தெரியும்தானே? பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்த என் தாத்தா சொல்வார்: "கடைசியா மாட்டினதை முதல்ல கழட்டணும்டா." அதே கதைதான் இங்கேயும். பெருக்கல் விதியைக் கழற்றினால் கிடைப்பது:

∫ யூ டிவி = யூ வி − ∫ வி டியூ

(டிவி என்றதும் சீரியல் ஞாபகம் வரக்கூடாது!)

யூ-வை வகையிடணும். டிவி-யைத் தொகையிடணும். பெருக்கல் விதியில் கூடுதலாக வந்த உறுப்பைக் கழிக்கத்தான் நடுவில் அந்தக் கழித்தல் குறி.

இப்போ அதே கணக்கு. யூ = எக்ஸ் என்க. டியூ = டிஎக்ஸ். மீதி காஸ் எக்ஸ் டிஎக்ஸ்தான் டிவி; அதைத் தொகையிட்டால் வி = சைன் எக்ஸ்.

எக்ஸ் சைன் எக்ஸ் − ∫ சைன் எக்ஸ் டிஎக்ஸ்
= எக்ஸ் சைன் எக்ஸ் + காஸ் எக்ஸ் + சி

சரிபார்ப்போமா? எக்ஸ் சைன் எக்ஸ்-ஐ வகையிட்டால் சைன் எக்ஸ் + எக்ஸ் காஸ் எக்ஸ். காஸ் எக்ஸ்-ஐ வகையிட்டால் − சைன் எக்ஸ். சைன் ரெண்டும் அடிபட்டுப் போச்சு. எக்ஸ் காஸ் எக்ஸ் மட்டும் நிற்குது. பூட்டு திறந்துடுச்சு!

யூ-வை மாற்றி எடுத்தால்? காஸ் எக்ஸ்-ஐ யூ என்று வைத்தால் எக்ஸ்-ஐத் தொகையிட வேண்டி வரும். எக்ஸ் வர்க்கம் வந்து கணக்கு இன்னும் பெரிசாகும். எனவே வகையிட்டால் எளிதாகிற சார்பையே யூ ஆக எடுங்கள். 'ஐலேட்' வரிசை இதற்கு உதவும்: நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி. இதில் முன்னால் வருவதே யூ.

லாக் எக்ஸ் மட்டும் தனியாக வந்தால்? 1 × லாக் எக்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லாக் எக்ஸ்-தான் யூ. விடை: எக்ஸ் லாக் எக்ஸ் − எக்ஸ் + சி.

இங்கிலாந்தைச் சேர்ந்த புரூக் டெய்லர் 1715-இல் வெளியிட்ட நூலில் இந்த முறை உள்ளது. டெய்லர் தொடர் என்று படிக்கிறோமே, அதுவும் அந்த நூலில்தான்!

நம் ராமானுஜனுக்குக் கும்பகோணத்தில் 1903-இல் கிடைத்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. நிரூபணம் மிகக் குறைவு. அவற்றை அவர் மனப்பாடம் செய்யவில்லை, தானே போட்டுப் பார்த்தார். நாமும் சூத்திரத்தை உருப்போடாமல், விடையை வகையிட்டுப் பார்க்கப் பழகுவோம். நம் விடை சரியா தப்பா என்று சொல்ல யாரும் வேண்டாம், அதுவே சொல்லிவிடும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: எக்ஸ்-ஐயும் இ அடுக்கு எக்ஸ்-ஐயும் பெருக்கித் தொகையிடுங்கள். போட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்க!

– பன்னிரண்டாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்