உத்தரவு வரும்வரை

பிரெஞ்சு ராணுவத்தின் ‘பி1 பிஸ்’ டாங்கியின் கோபுரத்துக்குள் ஓர் ஆளுக்குத்தான் இடம். குண்டு நிரப்புவது, குறி பார்ப்பது, சுடுவது எல்லாம் அவர் ஒருவரே. நடுவில் எதிரி எங்கே என்று தேடி வண்டியை நடத்துவதும் அவர் தலையில்தான். ஜெர்மனியின் ‘பான்சர் 3’ கோபுரத்தில் இந்த வேலைக்கு மூன்று பேர். கவசக் கனத்தில் பிரெஞ்சு டாங்கிதான் பலசாலி. 1940 மே மாதம் அந்தக் கனம் கைகொடுக்கவில்லை.

ஜெர்மனியிடம் பிரான்ஸ் அடைந்த அந்தத் தோல்விக்கு, எல்லையில் கட்டிய மாஜினோ அரண்வரிசையைத் திட்டுவது வழக்கமாகிவிட்டது. பூமிக்கடியில் மின்ரயில் ஓடிய அந்தப் பெருங்கோட்டைகளில் ஒன்றைக்கூட ஜெர்மானியர் நேரடியாக மோதிப் பிடிக்கவில்லை. கான்கிரீட் திருப்பிப் பேசாது என்பதால் பழி அதன்மேல் விழுகிறது, அவ்வளவுதான்.

தோல்வி தொடங்கிய செடான் நகரைப் பாருங்கள். மே 13 மாலை, பக்கத்திலுள்ள புல்சோன் கிராமத்துக்கு ஜெர்மன் டாங்கிகள் வந்துவிட்டதாக ஒரு வதந்தி. பீரங்கிக்காரர்கள் பீரங்கியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அப்போது ஒரு ஜெர்மன் டாங்கிகூட மியூஸ் ஆற்றைத் தாண்டியிருக்கவில்லை! கரையேறியிருந்தது காலாட்படை மட்டும். எதிர்த்தாக்குதலுக்கு டாங்கிகளும் ஆட்களும் பின்னால் தயாராக இருந்தார்கள். ஆனால் இரவெல்லாம் உத்தரவைத் தேடுவதிலேயே போயிற்று. விடிந்து கிளம்பியபோது எதிரே டாங்கிகள். ஒரே வாரத்தில், மே 20 அன்று, ஜெர்மானியர் கடற்கரையைத் தொட்டுவிட்டார்கள். அந்த நாட்களில் வான்சென் கோட்டையிலிருந்த பிரெஞ்சுத் தலைமையகத்தில் வானொலிக் கருவியே கிடையாது.

உத்தரவுக்குக் காத்திராமல் பாய வேண்டும் என்றால், பாய்ச்சலே மந்திரம் என்று போய் 1914 ஆகஸ்ட் 22-ல் பிரான்ஸ் ஒரே நாளில் சுமார் 27,000 பேரைப் பறிகொடுத்ததே என்பார்கள். தற்காத்து நின்றே சோவியத் படை ஜெர்மானியரைத் தடுத்த 1943 கூர்ஸ்க் சண்டையையும் சொல்வார்கள். சரிதான், ஆனால் கூர்ஸ்க்கிலும் தடுத்த கையோடு சோவியத் படை பாய்ந்தது.

என் கவலை வேறு. அன்று மேலிடத்துக்குக் கண் தெரியவில்லை. இன்று ட்ரோன் வழியே ஒவ்வொரு பதுங்குகுழியும் தெரிகிறது. திரையில் பார்க்கும் தளபதியால் சும்மா இருக்க முடியுமா? “இடப்பக்கம் போ, நில்” என்று நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து சொல்லத்தான் தோன்றும். நாலு தடவை அப்படிக் கேட்டுப் பழகிய லெப்டினன்ட், ஐந்தாவது தடவை தானாக அசைய மாட்டான். எதிரி சிக்னலை முடக்கும் நாளிலும் காதில் கருவியை வைத்தபடி இருப்பான்.

1940 ஜூன் 25-ல் சண்டை நிறுத்தம் வந்த பிறகும் சில மாஜினோ கோட்டைகள் பணியவில்லை. சொந்தத் தரப்பு அதிகாரிகள் நேரில் வந்து உத்தரவு சொன்ன பிறகே உள்ளிருந்தவர்கள் கதவைத் திறந்தார்கள்.