போர்வை கண்ணாடிக்கு வெளியே

ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கோர்ம் மலைப் பக்கம் பனிச்சறுக்குக்குப் போகிறவர்களில் பலர் அறை எடுப்பதில்லை. கட்டில், அடுப்பு, கழிப்பறை, ஹீட்டர் எல்லாம் அடங்கிய மோட்டார்ஹோமை மலையடிவாரத்தில் நிறுத்தி அதிலேயே தூங்குகிறார்கள். அந்த வட்டாரத்து பிரேமர் கிராமத்தில் 1982 ஜனவரியில் மைனஸ் 27.2 டிகிரி பதிவாயிற்று. பிரிட்டனில் அதைவிடக் குறைந்த அளவு பதிவானதே இல்லை. மைனஸ் 2, மைனஸ் 3 எல்லாம் அங்கே சாதாரணம். உள்ளே ஹீட்டர் ஓடுவதால் தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. காலையில் ஓட்டுநர் இருக்கைப் பக்கத்துத் திரையை விலக்கினால்தான் தெரியும். முன்கண்ணாடி முழுக்க நீர் முத்துகள். அவை கோடு கோடாக வழிந்து, டேஷ்போர்டின் காற்றுத் துளைகளுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையின் கீழ் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை. புதிதாக வண்டி வாங்கியவர் எங்கோ ஒழுகுகிறது என்றே முடிவு கட்டிவிடுவார்.

ஒழுகல் எதுவும் இல்லை. அது அவர்கள் விட்ட மூச்சு.

ஓர் ஆள் தூங்கும்போது மூச்சிலும் தோல் வழியாகவும் மணிக்குச் சுமார் 40 கிராம் நீரை வெளியே விடுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: 640 கிராம். சாமான்கள் போக நடுத்தர மோட்டார்ஹோமுக்குள் 20 கனமீட்டர் காற்று இருக்கும் என்று வையுங்கள். 18 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி அதிகபட்சம் 15 கிராம். ஆக, மொத்தக் கொள்ளளவே 300 கிராம்தான். விடிவதற்கு வெகுநேரம் முன்பே காற்று நிரம்பிவிடும். மிச்ச நீர் எங்காவது படிந்தே ஆகவேண்டும்.

அது முன்கண்ணாடியைத் தேடிப் போவதற்குக் காரணம் உண்டு. பின்பகுதி ஜன்னல்கள் பெரும்பாலும் இரட்டை அக்ரிலிக் தகடுகள். நடுவே அடைபட்ட காற்று குளிரைத் தடுக்கிறது. முன்கண்ணாடியிலும் இரண்டு தகடுகள் உண்டு, ஆனால் அவை பிளாஸ்டிக் படலத்தால் ஒட்டப்பட்டவை. இடையில் காற்றே இல்லை. போதாததற்கு அது சாய்ந்து வானத்தைப் பார்த்தபடி நிற்கிறது. மேகமில்லாத இரவில் வானத்தைப் பார்க்கும் எந்தப் பரப்பும் தன் வெப்பத்தை மேல்நோக்கிக் கதிர்வீசி, சுற்றியுள்ள காற்றையும்விடக் குளிர்ந்துபோகும். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் இதைத் தோட்டத்தில் கம்பளி நூல் பொதிகளை இரவில் வைத்து, விடிந்ததும் எடைபோட்டு ஆராய்ந்தார். பனித்துளி பற்றிய அவருடைய நூல் 1814இல் வந்தது. பொருள் முதலில் குளிர்கிறது, பனி பிறகே படிகிறது என்பது அவர் கண்டது.

எவ்வளவு குளிர்ந்தால் படியும்? அந்த எல்லைக்குப் பனிபடுநிலை என்று பெயர். 18 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றுக்கு அது 10 டிகிரி. வெளியே மைனஸ் 2 என்றால், மூடாத முன்கண்ணாடியின் உட்பரப்பு 3 டிகிரியை ஒட்டி இருக்கும். படியாமல் என்ன செய்யும்? (சென்னையில் இதே கணக்கு திரும்பி நிற்கும். மழைநாளில் ஏசியைக் கூட்டி வைத்தால் காரின் கண்ணாடிக்கு வெளிப்புறம் மங்கும். வைப்பரைத் தட்டினால் போய்விடும்.)

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கண்ணாடி குளிர்கிறது, எனவே உள்பக்கம் தடித்த வெப்பத் திரையை ஒட்டிவிடலாம் என்று தோன்றும். வாங்க மலிவு, படுக்கப் போகும்போது மாட்டிவிடலாம், வெளியே போய் நனைய வேண்டாம். ஆனால் அந்தத் திரை, அறையின் சூட்டைக் கண்ணாடிக்குப் போகவிடாமல் மறிக்கிறது. நீராவியோ ஓரத்து இடைவெளிகளில் புகுந்து பின்னால் போய்விடும். கணக்குப் போட்டால் கண்ணாடியின் உட்பரப்பு பூஜ்யம் டிகிரியை ஒட்டி இறங்குகிறது. நீர் கூடுவதோடு, சில நாள் கண்ணாடிக்கு உள்ளேயே உறைபனி சுரண்ட வேண்டிவரும். ஆட்களுக்குக் கதகதப்பு உண்டு, மறுப்பதற்கில்லை; கண்ணாடிதான் குளிரில் தனியே விடப்படுகிறது.

அதே திரையை வெளியே உறையாக, காற்று அடியில் புகாதபடி கதவிடுக்கில் செருகி இழுத்துக் கட்டினால், உட்பரப்பு 12, 13 டிகிரிக்கு ஏறும். பனிபடுநிலைக்கு மேலே. வானத்துக்குக் கதிர்வீசுவதும் இப்போது உறைதான். காலையில் அதை நனைந்து விறைத்த நிலையில் மடிப்பது தொல்லைதான். என் தீர்ப்பில், படத்தகுந்த தொல்லை.

உறை மட்டும் போதாது. 640 கிராம் நீர் வண்டியை விட்டு வெளியேற வேண்டுமே! மைனஸ் 2 டிகிரியில் வெளிக்காற்று எவ்வளவு ஈரமாகத் தோன்றினாலும் ஒரு கனமீட்டரில் 4 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவி இருக்கும். உள்ளே 9 கிராம். வெளியே போகும் ஒவ்வொரு கனமீட்டரும் 5 கிராம் நீரைக் கொண்டுபோகிறது. மணிக்கு ஒருமுறை வண்டிக் காற்று முழுவதும் மாறினாலே 100 கிராம். இருவர் விடும் 80ஐ அது சமாளித்துவிடும். புதுக் காற்றைச் சூடாக்க ஆகும் செலவோ 140 வாட் அளவு. 4 கிலோவாட் ஹீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பது வீண்செலவு என்ற எண்ணத்தைக் கைவிடலாம். தரையிலும் கூரையிலும் நிரந்தரமாக அமைத்திருக்கும் காற்றுத் துளைகளைத் துணி வைத்து அடைப்பதோ உயிருக்கே ஆபத்து. அடைத்தால் உள்ளே தேங்கக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

சமையலும் கணக்கில் வரும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் உண்டாகிறது. எரிவாயு ஹீட்டர் தன் புகையைக் குழாய் வழியே வெளியேற்றிவிடும், அடுப்புக்கு அந்த வசதி இல்லை. எனவே அடுப்பைப் பற்றவைத்து அறையைச் சூடேற்றக் கூடாது. சமைக்கும்போது மூடி போட்டு, மேல்திறப்பைத் திறந்து வைக்க வேண்டும்.

டேஷ்போர்டில் வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பா, ஆளில்லாமல் நிறுத்திய வண்டிக்குச் சரி. இருவர் தூங்கும் வண்டியில் அதை நம்பிப் பயனில்லை. இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் நீர் படியத்தான் செய்யும். அதைத் துடைத்த துணியைப் பலர் உள்ளேயே ஹீட்டர் அருகில் காயப் போடுகிறார்கள். துடைத்த நீரெல்லாம் காற்றுக்குத் திரும்பி, அடுத்த இரவு அதே கண்ணாடிக்கு வந்து சேரும். துணியை வெளியே பிழிந்து, வெளி லாக்கரில் போடுங்கள்.